கிச்சா தோண்டிய குழி

அனந்தராமன் வீட்டைப் பூட்டுகிற அழகைப் பார்க்கவேண்டும். பூட்டைப் பிடித்து இழுப்பார், ஒரு ஆட்டு ஆட்டுவார், தெருமுனை வரை போவார், அங்கிருந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். தல்லாகுளத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு இது பழகிப்போன வேடிக்கை. வீட்டுக்கு மறுசாவி ஒன்று உண்டு. அது பீரோவுக்குள் இருக்கும். பீரோ சாவி அவருடைய பூணூலில் தொங்கும்.

பிறக்கும்போதே அவர் அப்படி இல்லை. வேலை அப்படி ஆக்கிவிட்டது. இத்தனை வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். அண்ணன்மேல் தம்பி போட்ட வழக்கு, அப்பன் கையெழுத்தை மகனே போட்ட வழக்கு, அடுத்த வீட்டுக்காரன் அரை அடி தள்ளி வேலி போட்ட வழக்கு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே கேட்டுக் கேட்டு, மனுஷன் என்றாலே பிரதிவாதி என்று மனசுக்குள் பதிந்துபோயிற்று. ரிடையர் ஆன அன்று போட்ட மாலை, சால்வை, பழத்தட்டு எல்லாவற்றோடும் அந்தச் சந்தேகத்தையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று மாற்றினார். புதிதாக வந்தவன் ரொம்பச் சிரிக்கிறான், அதனால் அவனையும் மாற்றினார். இஸ்திரி போடுகிற காளை நல்ல மனுஷன். ஆனால் இந்த ஆனியில் அனந்தராமனின் நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று காணாமல் போனபோது, "உன் வண்டியில நன்னா தேடு, உன் மச்சான் எவன் மேலயாவது கிடக்கும்" என்று தெருவில் வைத்தே கேட்டுவிட்டார். காளை பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணினான். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் அவன் வண்டி நிற்பதில்லை.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு ஸ்ரீலக்ஷ்மி குடித்தனம் நடத்தினாள். போன வருஷம் ஒருநாள் அவள் பாத்ரூமில் மயங்கி விழுந்தாள். அனந்தராமன் வழக்கம்போல வெளியே பூட்டிக்கொண்டு பேங்குக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பால்பாண்டிதான் காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்து, பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்து, தன் மனைவி முத்துமீனாவோடு சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டவுன் பஸ் டிரைவர். அன்றைக்கு டியூட்டி இல்லாமல் வீட்டில் இருந்தான். இதயம் பலவீனமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அனந்தராமன் பால்பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதது நிஜம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அது சரி, நீ விழுந்தது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வாளி உருண்ட சத்தம் முத்துமீனாவுக்குக் கேட்டது, கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. ஸ்ரீலக்ஷ்மி அதை எத்தனை தரம் சொல்லியும் அவர் தலையை ஆட்டினாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

மாமி தனியாக இருக்கவேண்டாம் என்று முத்துமீனா ஒரு செவலைக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உசிலம்பட்டிப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் போட்ட நாட்டு நாய்க்குட்டி. ஸ்ரீலக்ஷ்மி அதற்குக் கிச்சா என்று பேர் வைத்து, தயிர்சாதம் போட்டு வளர்த்தாள். கிச்சாவும் சாதுவாக வளர்ந்தது. இந்த ஆனி மாதம் வரை அதன்மேல் ஒரு புகாரும் கிடையாது.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை, சிம்மக்கல்லுக்குப் போய்ப் பூஜை சாமான் வாங்கிவருகிறேன் என்று ஸ்ரீலக்ஷ்மி முத்துமீனாவோடு கிளம்பினாள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. செருப்பெல்லாம் செம்மண். சிம்மக்கல்லில் ஏது செம்மண்? அனந்தராமன் வாயைத் திறந்து கேட்கவில்லை. மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே கிச்சா கொல்லையைத் தோண்ட ஆரம்பித்தது. துளசிப் பக்கம் போகவில்லை, கறிவேப்பிலைப் பக்கம் போகவில்லை. பால்பாண்டி வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கிற மாதுளைச் செடிக்கு அடியில் மட்டும் தோண்டியது. மண்ணை மூடிவிட்டு உள்ளே வந்து காபியை வாயில் வைப்பதற்குள் மறுபடியும் குழி. மூக்கெல்லாம் மண்ணாக, வாலை ஆட்டிக்கொண்டு அவரையே பார்க்கும்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மாவைக் கேட்டார். "வெயிலுக்குக் குளிர்ச்சியான மண்ணத் தேடும் சார். இல்லாட்டி போர் அடிக்குதோ என்னமோ. காலையும் சாயங்காலமும் நடக்கக் கூட்டிட்டுப் போங்க" என்றார் அந்தம்மா. கூட்டிக்கொண்டு போனார். ரேஸ்கோர்ஸ் வரை நடந்ததில் அவருக்குத்தான் கால் வலி. நாய் வந்ததும் வராததுமாகக் குழிக்குப் போயிற்று. மிளகாய்த்தூளைத் தூவினார், காற்றில் அது அவர் கண்ணுக்கே வந்தது. கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். கிச்சா அதைப் பல்லால் பதமாகக் கவ்வி ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டியது. பால்பாண்டி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொன்னான்.

"சார், அது இருக்கிற வெளிக்கியவே அள்ளி அந்தக் குழிக்குள்ள போட்டு மூடுங்க. கிட்ட வராது."

என் வீட்டுக் கொல்லையில் என்னையே அசிங்கத்தைப் புதைக்கச் சொல்கிறானே என்று அனந்தராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பால்பாண்டி சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆனால் முத்துமீனா சிரிக்கவில்லை. கிச்சா மாதுளைப் பக்கம் போனாலே அவள் சுவர் ஓரத்துக்கு ஓடிவந்து விரட்டினாள். "மாமி, கிச்சாவக் கட்டிப் போடுங்க மாமி, ஆடி முடியட்டும்" என்று அவள் தணிந்த குரலில் சொன்னதும், ஸ்ரீலக்ஷ்மி சைகையால் அவள் வாயை அடக்கியதும் அனந்தராமன் கண்ணில் பட்டது. ஆடிக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்? என் கொல்லையில் நாய் தோண்டினால் அவளுக்கு ஏன் பதைக்கிறது? அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஸ்ரீலக்ஷ்மி கண்ணயர்ந்திருந்த நேரத்தில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். இந்தத் தடவை கிச்சாவை விரட்டவில்லை. அது ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகத் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் ஒரு சின்ன மண்கலயம் தட்டுப்பட்டது. வாயைத் துணியால் இறுகக் கட்டியிருந்தது. அவிழ்த்தால் உள்ளே விபூதி, ஒரு எலுமிச்சம்பழம், நெய்யும் வெல்லமும் போட்டுப் பிசைந்த சோற்று உருண்டை, அதன்மேல் எறும்பு. கட்டியிருந்த துணியை உதறிப் பார்த்தார். நீலக்கோடு. காணாமல் போன அவருடைய சட்டை!

செய்வினை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நெய் வாசனையும் எஜமான் வாசனையும் சேர்ந்து நாயை இழுத்திருக்கிறது. வைத்தவன் யார் என்பதையும் சுவரே சொல்கிறது.

"பால்பாண்டி! வெளியில வாய்யா!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பால்பாண்டி எச்சில் கையோடு சுவரோரம் ஓடிவந்தான். "என்ன சார்? மாமிக்கு எதுவும் ஆயிருச்சா?"

"மாமியாம் மாமி. இது என்னன்னு நீயே சொல்லு. என் சட்டை, என் வீட்டு மண்ணு. செவுத்துக்கு அந்தாண்ட நீங்க ரெண்டு பேர். வேற எவன் வந்து வச்சிருப்பான்?"

பால்பாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் பின்னால் வந்து நின்ற முத்துமீனா கலயத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, உன் பொண்டாட்டி மூஞ்சியே சொல்றது! நாயைக் குடுத்ததும் இதுக்குத்தானே?"

புதைத்தவனே அதைத் தோண்டிக் காட்ட நாயும் கொடுப்பானா என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் இருந்தால் அவர் அனந்தராமன் இல்லை.

"சார், வயசுக்கு மரியாதை குடுத்து நிக்கேன்" என்றான் பால்பாண்டி. "அம்புட்டுக் கெட்ட புத்தி எங்க வம்சத்துலயே கெடையாது. வார்த்தைய அளந்து பேசுங்க."

"கோர்ட்டுல வந்து அளந்துக்கோ. இனிமே நீங்க யாரும் இந்தச் செவுத்தைத் தாண்டப்படாது. நாயையும் இப்பவே கொண்டுபோயிடு."

"ஏன்னா, நிறுத்துங்கோ."

ஸ்ரீலக்ஷ்மி பின்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. "அவாளை ஒண்ணும் சொல்லாதேங்கோ. வச்சது நான்."

அனந்தராமன் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"முத்துமீனா ஊர்ல சின்னான்னு ஒரு கோடாங்கி. உடுக்கை அடிச்சுக் குறி சொல்றவர். நான்தான் அவளைக் கெஞ்சிக் கூட்டிண்டு போகச் சொன்னேன். சட்டையைக் கிழிச்சதும் நான். ஆடி முடியற வரைக்கும் மண்ணுக்குள்ள இருக்கட்டும்னார். யார்கிட்டயும், ஆம்படையான்கிட்டகூட சொல்லப்படாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிண்டேன். அதான் இத்தனை பேச்சையும் வாங்கிண்டு வாயைத் திறக்காம நிக்கறா."

"எதுக்குடி இதெல்லாம்?"

"உங்க சந்தேகம் போகணும்னு."

பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். கிச்சா கலயத்துச் சோற்றை எட்டி நக்கப் பார்த்தது.

"எனக்கு ஏதாவது ஆயிட்டா, உங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆள் வேணுமோன்னோ?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நம்ம பிள்ளை ராம்குமார் அமெரிக்காலேர்ந்து வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? பால்காரனை விரட்டியாச்சு. காளையைத் திருடன்னு சொல்லியாச்சு. மிச்சம் இருந்தது இந்த ரெண்டு பேர்தான். இன்னிக்கு அவாளையும்..."

அதற்குமேல் பேச முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அனந்தராமன் பழக்கதோஷத்தில் அவள் சொன்னதில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். செம்மண் ஒட்டிய செருப்பு, ஆடி மாசம், முத்துமீனாவின் பதற்றம், காளையின் சத்தியம் எல்லாம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. ஓட்டை இல்லை. வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே போய் பீரோவைத் திறந்தார். மறுசாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படியேறினார். இத்தனை வருஷத்தில் அந்தப் படியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"பால்பாண்டி, தப்பு பண்ணிட்டேன். இது எங்காத்துச் சாவி. உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்."

பால்பாண்டி கையை நீட்டவில்லை.

"வேணாம் சார். நாளைக்கு உங்க வீட்டுல ஒரு டம்ளர் எடம் மாறி இருந்தாக்கூட, சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பீங்க. எனக்குப் பயமா இருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "மாமிக்கு ஒண்ணுன்னா சொவரேறிக் குதிச்சு வாரேன் சார். முன்னயும் அப்படித்தான வந்தேன்."

அவன் இடத்தில் இருந்திருந்தால் தானும் வாங்கியிருக்க மாட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பி வந்து கொல்லைச் சுவர்மேல், அவர்கள் பக்கத்து விளிம்பில், சாவியை வைத்தார். பிறகு மண்ணை இழுத்துக் குழியை மூடினார். கிச்சா அந்த இடத்தை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, அக்கறையில்லாமல் துளசி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் முழுக்க அவர் கூடத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கொல்லைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டபோது எழுந்துபோய்ப் பார்க்கவேண்டும் போலிருந்தது; நாற்காலிப் பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விளக்கேற்றிவிட்டு வந்த ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள்:

"சாவியை எடுத்துண்டாளா?"

"பாக்கலை" என்றார் அனந்தராமன்.