மதர் தின்ற புதுக்கதிர்

அப்போலினின் வீட்டில் செபமாலை ஒருநாளும் அமைதியாக நடந்ததில்லை. விடியுமுன் மல்லிகை பறிப்பு, பறித்ததைக் கட்டி முகவரிடம் சேர்ப்பது, பசு, மூன்று பிள்ளைகள், காது மந்தமான மாமனார் என்று நாள் முழுக்க ஓடுகிறவள், முழந்தாளிடும் நேரத்தையும் வீணாக்க மாட்டாள். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, அதே மூச்சில் ராய்ஸ்டனைக் காலை மடக்கச் சொல்லி, பிரிஸ்காவைப் பாலைப் பார்க்க அனுப்பிவிட்டு, "கர்த்தர் உம்முடனே" என்று சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்வாள். மாமனார் இனாஸ் யாருக்கும் காத்திருக்காமல் இரண்டு மந்திரம் முன்னால் போய்க்கொண்டிருப்பார். கணவன் கிரெகரி கரையில் இருக்கிற நாட்களில் இதையெல்லாம் கேட்டுத் தோள் குலுங்கச் சிரிப்பான். "மாதாவே எறங்கி வந்து பாலைப் பாத்துக்குவா, நீ செபத்தைச் சொல்லு" என்பான்.

ஒரு சட்டம் மட்டும் அந்த வீட்டில் கண்டிப்பானது. செபமாலை நடக்கும்போது போன் அடித்தால் யாரும் எழக்கூடாது. சட்டம் போட்டவள் அப்போலின்தான். குந்தாபுரத்திலிருந்து மூத்த அக்கா கூப்பிட்டாலும் அதே கதி. அக்கா அதற்காகக் கோபித்துக்கொண்டதும் உண்டு, போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

அந்த வருடம் மாதா பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் கடல் புரண்டது. மால்பெயிலிருந்து போன விசைப்படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கிரெகரி போன படகு மட்டும் வரவில்லை. கம்பியில்லாக் கருவியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. அதே படகில் போன பாபு கோட்டியானின் மனைவி சுமதி தினமும் காலையில் கூப்பிடுவாள். "அக்கா, உங்களுக்குப் போன் வந்துச்சா?" என்று கேட்பாள். இல்லை என்பாள் அப்போலின். அதற்குமேல் பேச இருவரிடமும் எதுவும் இருக்காது. ஆனாலும் சிறிது நேரம் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பண்டிகைக்கு முன் ஒன்பது நாளும் பிள்ளைகள் குழந்தை மாதா சுரூபத்துக்குப் பூத்தூவப் போவார்கள். படகு காணாமல் போன நாளிலிருந்து அப்போலின் விற்க வேண்டிய மல்லிகையை எல்லாம் கூடையோடு கோவிலுக்கே அனுப்பினாள். முகவர் வந்து கேட்டபோது பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, மாதாவுக்காகப் பொய் சொல்வதும் பாவமா என்று மாமனாரைக் கேட்டாள். அவர் காதில் அது விழவில்லை. விழாததே நல்லது என்று விட்டுவிட்டாள்.

மோந்தி பெஸ்து என்கிற அந்தப் பண்டிகை நாளில் கோவிலில் புதிய நெற்கதிர்களை மந்திரித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். அந்தக் கதிரை உதிர்த்து, உமி நீக்கி, அரைத்து, தேங்காய்ப்பாலில் கலந்து வீட்டுத் தலைவர் ஆளுக்கொரு கரண்டி கொடுத்த பிறகுதான் சாப்பாடு. நொவேம் என்பார்கள். அன்று மீனும் கறியும் அந்தப் பக்கமே வரக்கூடாது. வெளியூரில் இருக்கிறவர்களுக்கும் பங்கு எடுத்து வைப்பார்கள். இந்த முறை அப்போலினின் மனம் முழுக்க அந்தப் பங்கில்தான் இருந்தது. கிரெகரியின் பங்கைக் கிண்ணத்தில் ஊற்றி மாதா படத்தடியில் மூடி வைத்துவிட்டால், அவன் இன்னும் இந்த வீட்டில் சாப்பிடுகிறவர்களில் ஒருவன். அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

கதிரைச் சுமந்து வரும் பேறு கடைக்குட்டி ரெனிட்டாவுக்குக் கிடைத்தது. வழியெல்லாம் இரண்டு கையாலும் ஏந்தி வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்காகக் கதிரைப் படியில் வைத்தாள். செருப்பின் வார் சிக்கிக்கொண்டது. குனிந்து அதை இழுத்துவிட்டு நிமிர்வதற்குள் மதர் வந்துவிட்டாள்.

மதர் என்பது வீட்டுக் கோழி. கான்வென்ட் தலைமைக் கன்னியாஸ்திரியைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாரைத் திட்டலாம் என்று தேடிக்கொண்டே நடப்பதால் இனாஸ் வைத்த பெயர். அப்போலின் ஓடி வந்தபோது படியில் வெறும் காம்புதான் கிடந்தது. ஒரு மணிகூட மிச்சமில்லை.

ரெனிட்டா காம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ராய்ஸ்டன்தான் மெதுவாகச் சொன்னான்: "மதர் நற்கருணை வாங்கிட்டாங்கம்மா."

இனாஸ் என்ன நடந்தது என்று கேட்டார். பிரிஸ்கா அவர் காதருகே போய்க் கத்திச் சொன்னாள். அவர் கோழியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"இன்னிக்கு வெட்ட முடியாது, கறி ஆகாது," என்றார். "நாளைக்கும் முடியாது. மந்திரிச்சது உள்ள இருக்கு. இனிமே அது சாகுற வரைக்கும் நாமதான் சோறு போடணும்."

அப்போலின் சிரித்துவிட்டாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாகத் திரும்பியது. எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போனாள். அங்கே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, மாதாவிடம் வாய்விட்டே கேட்டாள்: "ஒரு கதிரு. அதைக்கூடவா எனக்கு விட்டுவைக்க மாட்ட?" பசு திரும்பி அவளைப் பார்த்தது. அதற்கும் கழுநீர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்தாள்.

கடை அரிசியை அரைத்துத் தேங்காய்ப்பால் காய்ச்சினாள். வீட்டில் ஒருத்தி எல்லாருக்குமாகச் சாப்பிட்டாயிற்று, மாதாவுக்குக் கணக்குத் தெரியும் என்று சொல்லி இனாஸ் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார். மகனின் பங்கைக் கிண்ணத்தில் ஊற்றும்போது மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினார். கடை அரிசிப் பங்கு பங்காகுமா என்று அப்போலின் யாரையும் கேட்கவில்லை. தட்டால் மூடிப் படத்தடியில் வைத்தாள்.

மாலையில் விளக்கேற்றி முழந்தாளிட்டார்கள். அன்று அவள் யாரையும் அதட்டவில்லை. ராய்ஸ்டன் காலை நீட்டியே உட்கார்ந்திருந்தான். அம்மா கவனிக்கவில்லை என்று கண்டு, பயந்து, அவனே மடக்கிக்கொண்டான்.

செபமாலையின் மூன்றாம் பத்து நடக்கும்போது போன் அடித்தது.

பிள்ளைகள் மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த மந்திரத்தைத் தொடங்கினாள். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் அடித்தது. அவள் குரல் உயர்ந்தது. சொற்களை ஒவ்வொன்றாக இழுத்தாள், முடிக்க மனமில்லாதவள் போல. செபம் நடக்கிறவரை அவன் உயிரோடு இருக்கிறான். எழுந்து போய் எடுத்தால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள்.

"அம்மா," என்றாள் பிரிஸ்கா. "நீ செபம் சொல்லல. காதைப் பொத்திக்கிட்டு இருக்க."

மகள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. செபமாலை கையில் தொங்க எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் எடுத்தாள்.

தெரியாத எண். யாரோ மூச்சு விடும் சத்தம்.

"அப்போலின்."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கார்வார்லேருந்து பேசறேன். வேற படகு எங்களத் தூக்குச்சு. இப்பதான் கரை சேந்தோம். இன்னிக்கு மோந்தி பெஸ்துன்னாங்க. நொவேம் சாப்பிட்டாச்சா?"

"மதர் சாப்பிட்டா," என்றாள்.

"எந்த மதர்?"

"நம்ம கோழிதாங்க. முழுக் கதிரையும்."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். காலையில் அவள் சிரித்த அதே சிரிப்பு. அது போகும் இடம் அவளுக்குத் தெரியும், காத்திருந்தாள்.

"பாபுவப் பிடிச்சிட்டுதான் இருந்தேன், அப்போலின். ராத்திரி முழுக்கப் பிடிச்சிருந்தேன். கை விட்டுப்போச்சு." பிறகு, "சுமதிக்கு இன்னும் யாரும் சொல்லல," என்றான்.

அவள் திரும்பி வந்தபோது இனாஸ் இன்னும் செபத்தில்தான் இருந்தார். போன் அடித்ததே அவருக்குத் தெரியாது; தனியாகச் செபமாலை முடிவில் வரும் பிரார்த்தனை வரைக்கும் போயிருந்தார். பிரிஸ்கா காதில் சொன்னதும் படத்தின் முன் அப்படியே குப்புற விழுந்தார். பாபுவைப் பற்றியும் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் மணியிலிருந்து தொடங்கச் சொன்னார்.

தொடங்கினார்கள். முதல் பத்து முடியும்முன் மறுபடி போன் அடித்தது. இந்த முறை சுமதியின் பெயர்.

அப்போலின் அதே கணம் எழுந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சு சுமதி." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நீ வீட்லயே இரு. கதவைத் திறந்து வை. நான் வரேன்."

இருவரும் சிறிது நேரம் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

குடையை எடுத்துக்கொண்டு ராய்ஸ்டனோடு பேருந்துக்கு இறங்கினாள். பின்னால் பிரிஸ்கா செபத்தை எடுத்து நடத்துவது கேட்டது. "அருள் நிறைந்த மரியே வாழ்க, ரெனிட்டா, போய் மதரக் கூட்டுல அடை, கர்த்தர் உம்முடனே."