ஒரு கிள்ளு புற்றுமண்

என் அம்மாவுக்கு நான் மண்ணைத் தின்னக் கொடுத்தேன்.

ஆமாம், மண்தான். அடுத்தவன் சோற்றில் மண்ணள்ளிப் போட்டான் என்று பேச்சுக்குச் சொல்வார்களே... நான் பெற்றவள் வாயிலேயே போட்டேன். அதுவும் அவள் புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில்! காலையில் ஒரு கிள்ளு, சாயங்காலம் ஒரு கிள்ளு என்று அளவும் சொல்லிக் கொடுத்தேன்.

எதற்காக? விளையாட்டுக்காக!

இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை... இல்லை, அதுவும் பொய். ஒரே ஒருவரிடம் சொன்னேன். அது என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்நேரம் உங்களுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பேன். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். பெயர் சங்கர். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நின்று 'சங்கரு' என்று கத்தினால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒருவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. படிப்பு வரவில்லை, வாய் மட்டும் நீண்டது. எங்கள் தறி முதலாளிக்கு 'நூல்கண்டு' என்று பெயர் வைத்தது நான்தான். பாவம், மனிதர் உருண்டையாக இருப்பார். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அம்மா பெயர் கோமதி. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய், ஒரு மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அங்கேதான் மெர்லின் சிஸ்டர் இருந்தார்.

அவரைப் பற்றி நன்றாகச் சொல்ல வேண்டும். இந்த எழுத்தில் நல்லதாக ஒன்று இருக்குமென்றால் அது அவர்தான்.

கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். அறுத்த பக்கத்துக் கையில் அம்மாவுக்கு ஊசி போடக் கூடாது. மற்ற கையிலோ நரம்பு கிடைக்காது. சிஸ்டர் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அந்தக் கையில் சுற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று நரம்போடு பேசுவார். "வா மக்ளே வா... என்ன வெக்கம்? நான்தான், வெளிய வா!" அம்மா சிரிப்பாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். மருந்து இறங்குகிற நேரமெல்லாம், "எரியுதாம்மா? லேசா எரிஞ்சாலும் சொல்லணும்" என்று வந்து வந்து கேட்பார். எத்தனை தடவை கேட்டாலும் அந்தக் குரலில் சலிப்பு இருக்காது.

பார்க்க வருகிறவர்களைக் கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவார். அதனால் அவருக்கு 'டிராபிக் போலீஸ்' என்று பெயர் வைத்தேன்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு எத்தனை பேருக்கு பைன் போட்டீய?"

"மொத பைன் உனக்குத்தான். கையைக் கழுவிட்டு வா, ஒம்பதாங் கிளாஸு!"

என்னை வாயடைக்க வைத்த முதல் ஆள் அவர்தான்!

முதல் ஊசி அன்றே என்னை நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். "கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி. நல்லா வெந்த சோறு. தோலுரிச்ச பழம். வேற எதுவும் வாயில போகக் கூடாது. சாப்பிட்டதும் உப்புத் தண்ணியில வாய் கொப்பளிக்கணும். காய்ச்சல் நூறைத் தாண்டினா உடனே எனக்கு போன். எங்க, சொல்லு பாப்போம்."

நான் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ராகம் போட்டு ஒப்பித்தேன். வார்டே சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சிரிச்சதெல்லாம் சரி. ஊசி போட்டுப் பத்துப் பதினஞ்சு நாளைக்கு உங்க அம்மா உடம்புக்குக் காவல் கிடையாது தம்பி. அந்தக் காவல் நீதான்" என்றார்.

ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேனே... தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை!

இரண்டாவது ஊசி போட்டு வந்த மறுநாள், அம்மா தலையை வாரினாள். சீப்போடு முடி கொத்தாக வந்தது. அவள் கத்தவில்லை. நான் நெய்த துண்டு ஒன்றைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள்... பேச்சு இல்லை, சோறு இல்லை.

எனக்கு எது வேண்டுமானாலும் தாங்கும். பக்கத்தில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் தாங்காது. நானும் ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு குறி சொல்கிறவன் மாதிரி அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"யம்மா, ஒனக்கு வந்திருக்கது என்ன நோயி?"

"தெரியாத மாரி கேக்கான் பாரு."

"சொல்லு தாயி."

"புத்துநோயி."

"நம்ம கோயில்ல குடுக்கது என்ன மண்ணு?"

"புத்து மண்ணு..."

"பொறவு என்ன? புத்துக்குப் புத்து! டாக்டருக்கே தெரியாத ரகசியம்லா இது!"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவோம், உடம்பில் பூசுவோம். சிலர் ஒரு துளி நாக்கிலும் வைத்துக்கொள்வார்கள். கும்பிடுகிறவர்களுக்கு அது சாமி. அதில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் என் நாக்கில்தான் இருந்தது.

அம்மா சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு சிரித்தாள்! அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விளையாட்டை முழுசாக ஆடிவிட வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஒரு பொட்டலம் மண் வாங்கி வந்தேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவள் கையில் கொடுத்தேன்.

"காலைல ஒரு கிள்ளு, சாயங்காலம் ஒரு கிள்ளு. சிஸ்டர்ட்ட மட்டும் சொல்லிராத. பொறவு அவங்களுக்கு வேலை இல்லாம போயிரும்."

பொட்டலத்தை என் மூஞ்சியில் விட்டெறிவாள், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம் என்று காத்திருந்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நெசமாவால? யாரு சொன்னா?"

"பெரிய பெரிய ஆளுக எல்லாம் சொல்லுதாவ."

சும்மா சொன்னேன்மா... இந்த ஒரு வார்த்தை போதும். தொண்டைவரை வந்தது. அதற்குள் அவள் எழுந்து, "ரசம் இருந்தா ரெண்டு வாய் சோறு போடு மக்கா" என்றாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தவள்! அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

மண் கொடுத்த நான்காம் நாள் பார்த்தேன். பொட்டலம் பாதியாகியிருந்தது. ஆம், பார்த்தேன்! பார்த்துவிட்டுத் தறிக்குப் போனேன். அவள் அன்று காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அந்தப் பாட்டை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏமாற்றியதை ஒத்துக்கொள்ள வெட்கம்... அதுதான் உண்மையோ?

எட்டாம் நாள் அம்மாவின் வாய் புண்ணாகிவிட்டது. ஒன்பதாம் நாள் மத்தியானம் காய்ச்சல். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. சிஸ்டருக்கு போன் போட்டேன்.

"வெளாட்டா, நெசமா?"

"நெசம் சிஸ்டர்..."

"உடனே கிளம்பு. வழியில எங்கயும் நிக்காத."

ஒரு கார் பிடித்துப் போனோம். வழியெல்லாம் அம்மா உதறிக்கொண்டே வந்தாள். இரத்தத்தில் வெள்ளை அணு மிகவும் குறைந்துவிட்டது, கிருமி உள்ளே போயிருக்கிறது, எந்த வழியாகப் போனது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் தொங்கியிருக்கிறேன். மண்ணால்தான் என்று யார் சொன்னது? சும்மாவே வந்திருக்கலாமே! பலருக்கு வருகிறதாமே!

ஆனால் நான் அந்தத் துணியைப் பார்த்தேன்.

தனி அறையில் போட்டதும் சிஸ்டர் முதலில் அம்மாவின் வாயைத்தான் சுத்தம் செய்தார். சின்னத் துணியை மருந்துத் தண்ணீரில் நனைத்து, புண்ணில் படாமல், பூவைத் தொடுகிறமாதிரி துடைத்தார். துணி செம்மண் நிறத்தில் வெளியே வந்தது. விரலில் நெருடிப் பார்த்தார்.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. சிஸ்டரிடம் சொல்லாதே என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா... காப்பாற்றினாள்!

"ஒம்பதாங் கிளாஸு, என்ன குடுத்த?"

"சோறுதான் சிஸ்டர். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

ஆறு நாள் அம்மா அங்கே கிடந்தாள். அந்த ஆறு நாளும் மெர்லின் சிஸ்டர் செய்ததைப் பெற்ற மகனாகிய நான் செய்திருக்க மாட்டேன். கஞ்சியை ஆற்றி, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, கரண்டி கரண்டியாக ஊட்டினார். முதுகு புண்ணாகாமல் இருக்கத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தார். பேதியானபோது முகம் சுளிக்காமல் துடைத்துத் துணி மாற்றினார். அம்மா கூச்சத்தில் அழுதபோது, "எனக்கும் வயசாகும்லா, அப்ப நீங்க வந்து பாத்துக்கோங்க" என்றார். வேலை முடிந்து, வீட்டுக்குப் போகிற சேலையை உடுத்திக்கொண்டு, தோளில் பையோடு மறுபடியும் வந்து கண்ணாடி வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

என்னைக்கூட விடவில்லை. "என்ன, வாயில பிளாஸ்டரா? டிராபிக் போலீஸ்னு ஒரு தடவை சொல்லு, கேட்டு நாளாச்சு" என்று சீண்டினார். நான் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று படுக்கை விரிப்பை மாற்றும்போது அம்மாவின் தலையணை உறைக்குள்ளிருந்து பொட்டலம் விழுந்தது. காய்ச்சலில் உதறிக்கொண்டு வந்தவள் அதை விடாமல் மடியில் முடிந்து கொண்டுவந்து ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்!

"கோயில் மண்ணு சிஸ்டர்..." என்றாள் அம்மா. "நானாத்தான் வாயில போட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

சிஸ்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்... திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்கம்மா. உங்க ஊர்ல இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன். நெத்தியில பூசிக்கோங்க, வாயில மட்டும் இப்ப வேண்டாம்னு. கேக்காம விட்டது என் தப்பு."

என் கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை இருந்தது. வெந்நீர் பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அம்மா பிழைத்துவிட்டாள். மிச்ச ஊசிகளும் முடிந்தன. இரண்டு வருடம் ஆகிறது. முடி சுருட்டை சுருட்டையாக முளைத்திருக்கிறது. 'ஸ்பிரிங்கு' என்று பெயர் வைத்திருக்கிறேன், அடிக்க வருகிறாள். காலையில் அவள் என்னைத் திட்டி எழுப்புகிற ஒவ்வொரு நாளும் மெர்லின் சிஸ்டரின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கை இல்லையென்றால் இந்தத் திட்டு எனக்கு ஏது?

ஆனால் அம்மா ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறாள் தெரியுமா? "எம்மவன் கொண்டாந்த மண்ணுதான் என்னைக் காப்பாத்திச்சு." சிஸ்டரையும் சொல்வாள், பிரியமாகத்தான் சொல்வாள்... ஆனால் மண்ணுக்கு அப்புறம்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம், பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிற மாரியக்காவுக்கு அதே கட்டி. அம்மா பொட்டலத்தோடு போய்விட்டாள். "ஏட்டி மாரி, தெனம் ரெண்டு கிள்ளு வாயில போடு. பயப்படாத."

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "யக்கா, நெத்தியில பூசு. வாயில போடாத!"

"ஏம்ல? ஒங்கம்மா இதைத் தின்னுதான பொழச்சா?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிஸ்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காவ" என்றேன். அப்போதும் அந்தப் பாரத்தை அவர் தலையில்தான் இறக்கினேன்!

மாரியக்காவின் முதல் ஊசிக்கு நானே கூடப் போனேன். சிஸ்டர் அதே பாடத்தை நடத்தினார். வெந்நீர், வெந்த சோறு, தோலுரித்த பழம்... கடைசியில் நிறுத்தி, "சங்கரன்கோவிலா? அப்ப இன்னொண்ணு. கோயில் மண்ணை வாயில போடக் கூடாது. இந்தத் தம்பியோட அம்மாவுக்கு நான் சொல்லாம விட்டுட்டேன். அதுல இருந்து உங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தரையும் சொல்லாம விடுறதில்லை" என்றார்.

இரண்டு வருடமாக! வருகிற ஒவ்வொருவரிடமும் என் தப்பைத் தன் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனிமேலும் எப்படித் தாங்குவது? "சிஸ்டர்" என்றேன். "அந்த மண்ணை எங்கம்மாவுக்கு நான்தான் குடுத்தேன். வெளாட்டுக்கு."

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்துவிட்டார்!

"போடா! உனக்கு எதுலதான் வெளாட்டு இல்ல?" கையிலிருந்த பைலால் என் தலையில் ஒரு தட்டு. "அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு." அடுத்த படுக்கையில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார். மாரியக்காவும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவர் யாருடைய நரம்பையோ கொஞ்சிக்கொண்டிருந்தார், "வா மக்ளே வா..."

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்களாவது சிரிக்காதீர்கள்.