ஆந்தை தெரியும் தூரம்

அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள் வெர்னா ஸ்டோல்ட்ஸ். ஞாயிற்றுக்கிழமை குறி சுடும் போட்டியில் ஆண்களெல்லாம் அவளுக்குப் பின்னால்தான். அதற்காக யாராவது வாயை மூடிக்கொண்டார்களா? துப்பாக்கி விஷயத்தில் யோசனை சொல்லாத ஆண் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

மேய்ச்சல் நிலமெங்கும் தரையணில் தோண்டிய வளைகள். அவற்றில் ஒரு வளைக்குள் வெர்னாவின் குதிரை கால் வைத்து எலும்பை முறித்துக்கொண்டது. அதன் பிறகுதான் போட்டிக்கும் அணிலுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வாங்க, கொழுந்தன் ஆரினின் கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“223 ரகத் துப்பாக்கி வேணாம் அண்ணி, 22-250 ரகம் எடுங்க. குண்டு ஒரே அகலந்தான், ஆனா இதுல வெடிமருந்து ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி. ஐநூறு கெஜத்துல நிக்கிற அணிலும் காலி.”

“அவ்வளவு மருந்துக்குத் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேஞ்சுடுமே. போட்டியில நாள் பூரா சுடணும்ல?”

“தேஞ்சா மாத்தித் தர்றேன். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓட்டி உங்களுக்கு வேகம்னாலே பயம்!”

கடையே சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை.

“அணில் விட்டுப்போன வளையில குட்டி ஆந்தை குடியிருக்குமே, பாத்திருக்கியா?”

“பாக்காம என்ன? அணில் மாதிரியே வாசல்ல நிமிந்து நிக்கும்.”

“ஐநூறு கெஜத்துல, கானல் ஆடுறப்ப, எது அணில் எது ஆந்தைன்னு சொல்லுவியா?”

ஆரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“ஆந்தை ஆந்தையாத் தெரியிற தூரம் வரைக்கும் குண்டு போனாப் போதும். அந்த 223-ஐ எடு.”