ரென்ஸ்கெ அக்கா கெடுத்த விருந்து

நெதர்லாந்தின் வடக்கே, எங்கள் பிரீஸ்லாந்தில் பிள்ளைகள் பள்ளி இறுதித் தேர்வில் தேறிவிட்டால், வாசலில் கொடி ஏற்றி, கம்பத்தின் நுனியில் பழைய புத்தகப் பையைத் தொங்கவிடுவோம். என் அக்கா ரென்ஸ்கெ அதை ஐம்பத்து மூன்று வயதில் செய்தாள். கேன்சருக்காக இடது மார்பை அறுத்தெடுத்து, ஐந்து வருடம் மாத்திரை விழுங்கி, "இனிமேல் எங்களிடம் வர வேண்டாம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் அது. பையை அவளே பரணிலிருந்து இறக்கிக் கட்டினாள். தெருவே கூடிக் காபி குடித்தது.

அக்காவுக்குக் கால்வாய்ப் பாலத்தில் வேலை. படகு வந்தால் சாலையை மறித்துப் பாலத்தைத் தூக்க வேண்டும். அவள் வாய்க்குப் பயந்தே கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை.

மூன்று வருடம் கழித்து முதுகு வலித்தது. புதிதாக வந்திருந்த குடும்ப டாக்டர் பாராசிட்டமால் போடச் சொன்னார். எங்கள் ஊரில் தலையில் இடி விழுந்தாலும் அதுதான் மருந்து. "மார்பு விஷயத்தைச் சொன்னியாக்கா?" என்று கேட்டேன்.

"பாஸான பரீட்சைக்கு எவளாவது மறுபடி படிப்பாளாடி?" என்றாள்.

தெருவில் எல்லோருக்கும் அதே நினைப்புதான். கொடி ஏறியாயிற்று, விஷயம் முடிந்தது. மாதங்கள் ஓடின. ஒரு நாள் காலை பாலத்தடியில் குனிந்தவள் நிமிரவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. இடுப்பெலும்பிலும் புள்ளிகள், ஈரலில் சின்னதாக ஒன்று.

"இப்ப எலும்புல கேன்சரா?" என்று அக்கா ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"இல்ல. மார்புல இருந்த அதே கேன்சர்தான் எலும்புல குடியேறியிருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடியே சில செல்லுங்க ரத்தத்தோட போயிருக்கும். இத்தனை வருஷம் தூங்கிட்டு இருந்து, இப்ப முழிச்சிருக்கு."

"அப்ப அறுத்தது வீணா?"

"வீணில்ல. அங்க இருந்ததை எடுத்தாச்சு. முன்னாடியே ஓடிப்போனதைக் கத்தியால பிடிக்க முடியாது."

"அஞ்சு வருஷம் தாண்டியாச்சே?"

"நிறைய பேருக்கு வராமலே போயிடும். ஆனா உங்க வகை, பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சும் சிலருக்குத் திரும்பும். நீங்க ஒரு தப்பும் பண்ணல, ரென்ஸ்கெ. முழுசாத் துரத்த முடியாது. மாத்திரையாலயும் ஊசியாலயும் கட்டிப்போடலாம். சிலரை வருஷக்கணக்கா."

"கட்டுங்க. என் உடம்பை நான் வாடகைக்கு விடல" என்றாள் அக்கா. எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் என்னைப் பார்த்து, "நீ போய்க் காபி வாங்கிட்டு வா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தெரு குரலைத் தாழ்த்திக்கொண்டது. தலையைச் சாய்த்தபடி சூப்புப் பானையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். "உயிரோட இருக்கறவளுக்கு எதுக்கு எழவுச் சாப்பாடு?" என்று இரண்டு பானைகளைத் திருப்பி அனுப்பினாள். கோடை வருவதற்குள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, பாலத்தில் உட்கார்ந்தே செய்கிற வேலைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கோடையில்தான் ரொட்டிக் கடை நீன்கெ கொடி ஏற்றினாள். நாற்பது வயதுகூட ஆகாதவள். அக்காவுக்கு வந்த அதே நோய், அதே அறுவை, அதே ஐந்து வருடம். "உங்கக்கா வர வேணாம்னு பக்குவமாச் சொல்லு. அந்தப் பொண்ணு பயந்துடும்" என்று அவளுடைய மாமியார் என்னிடம் வந்து சொன்னாள். நான் சொன்னேன். அக்கா கைத்தடியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பினாள்.

நீன்கெ வீட்டில் வட்டமாக நாற்காலி, ஆளுக்கு ஒரு துண்டு கேக். அக்கா எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்திவிட்டு உட்கார்ந்தாள். கேக் தட்டை நீட்டிய நீன்கெ விலாவைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள் அக்கா.

"மாவு மூட்டை தூக்கினேன்க்கா."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரென்ஸ்கெ, இன்னிக்கு வேணாமே" என்றாள் மாமியார்.

"இன்னிக்குத்தான் வேணும். நீன்கெ, கொடி ஏத்தினது அந்தச் செல்லுக்குத் தெரியாது. எல்லா வலியும் அதுவாகாது. ஆனா விடாத வலி, இருமல், மூச்சிரைப்பு, காரணமில்லாம இளைக்கறது எது வந்தாலும் டாக்டர்கிட்ட போ. எனக்கு மார்புல கேன்சர் இருந்ததுன்னு முதல் வார்த்தையாச் சொல்லு. நான் சொல்லியிருந்தா குணமாகியிருக்கும்னு சொல்ல வரல. முதுகு நொறுங்கறதுக்கு முன்னாடி முட்டுக் கொடுத்திருப்பாங்க."

நீன்கெ அழுதபடி சமையலறைக்குள் போனாள். ஆட்கள் பாதிக் கேக்கை வைத்துவிட்டு எழுந்தார்கள். வெளியே வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல நாள்ல இப்படியா பேசறது?"

"பின்ன, அவ இரங்கல் கூட்டத்துல பேசவா?" என்றாள். தெரு எங்களோடு பேச்சை நிறுத்தியது. அக்கா அதைச் சட்டை செய்யவில்லை. நீன்கெ கடை திறந்தாளா என்று மட்டும் தினமும் என்னைக் கேட்டாள்.

நான் பாலத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், நீன்கெ சைக்கிளில் வந்தாள். பாலம் தூக்கியிருந்தது, கீழே பாய்மரப் படகு போய்க்கொண்டிருந்தது. சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு நேராக அக்காவிடம் வந்தாள்.

"ஒண்ணுமில்லையாம். வெறும் தசைப்பிடிப்பாம். எல்லா ஸ்கேனும் எடுத்துட்டாங்க. ராத்தூக்கம் போச்சு, சோறு இறங்கல, என் விருந்து நாசமாப் போச்சு. உங்க வாயில கொள்ளிய வைக்க" என்று வரிசையில் நின்ற கார்க்காரர்கள் கண்ணாடி இறக்கிக் கேட்கும்படி திட்டினாள்.

அக்கா சிரித்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"திட்டுடி. இன்னும் நாப்பது வருஷம் இருந்து திட்டு. நான் இருக்கற வரைக்கும் இங்க வந்து, என் மூஞ்சிக்கு நேரா நின்னு திட்டு."