அரைக் கோப்பை அரிசி

சுலோஜனா பிராங்பேர்ட்டுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறார். சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் சாப்பாடு கேட்கும் கிழவர்களிடம், இப்போதுதானே சாப்பிட்டீர்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு துண்டுப் பாண் ரொட்டியையாவது கையில் கொடுத்துவிட்டுத்தான் அப்பால் நகருவார். சண்டைக்காரி என்ற பெயரை அவர் எங்கும் எடுத்ததில்லை. ஆதலால் சென்ற கோடையில் நடந்ததைக் கேள்விப்பட்ட உறவினர்கள், "எங்கடை சுலோவோ? நம்பேலாது!" என்றுதான் முதலில் வாயைப் பிளந்தார்கள்.

நடந்தது இதுதான். மைன் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது. கடல் கடந்த நாடொன்றில் நெற்பெருந்தோட்டம் வைத்துச் செல்வம் குவித்த வணிகர் ஒருவர் கட்டியது. அதன் பின்புறக் கண்ணாடிக் கூடத்துள் அந்தத் தோட்டத்தைச் சிறிய அளவில் மீண்டும் அமைத்திருக்கிறார்கள்: சேற்று வயல், ஓலைக்குடில், மூட்டைகள், வேலைக்கு அழைக்கும் மணி. பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகின்றன. நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் நிருஷாவின் முறை வந்தபோது, வகுப்பாசிரியை லின்ட்னர் துணைக்கு வரும்படி சுலோஜனாவைக் கேட்டார். உங்கள் நாட்டு உடையில் வந்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள் என்றும் சொன்னார்.

அன்று காலையில் பச்சைக் காஞ்சிபுரச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அவர் புறப்பட்டதைக் கண்டு கணவர் ஐங்கரன் சிரித்தார்.

"உதென்னப்பா, பள்ளிக்கூடத்துக்கோ, சாமத்தியச் சடங்கு வீட்டுக்கோ?"

"ரீச்சர் மதிச்சுக் கூப்பிட்டிருக்கிறா. நீங்கள் சும்மா இருங்கோ."

மதித்து அழைத்தார்கள் என்றே அவர் நம்பிப் போனார். கண்ணாடிக் கூடத்துள் விளையாட்டொன்று ஏற்பாடாகியிருந்தது. துணிப்பையொன்றில் கைவிட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டை எடுத்தார்கள். சிலர் கங்காணிகள் ஆனார்கள்; மற்றவர்கள் கூலிகள். வழிகாட்டி வெள்ளைத் தொப்பி அணிந்து முதலாளியாக நின்றார். ஆசிரியையின் கையில் மணி. சுலோஜனாவின் கையில் ஒரு தகரக் கோப்பையும், முன்னால் ஒரு பெட்டி அரிசியும்.

"நீங்கள் படியளப்பவர். மூட்டைகளை நேரத்துக்கு அடுக்கிய குழுவுக்கு முழுக் கோப்பை, பிந்திய குழுவுக்கு அரை. இந்த உடையில் உங்களுக்கு எவ்வளவு பொருத்தம்!" என்றார் வழிகாட்டி.

சுலோஜனா புன்னகைத்தார். பின்னாளில் அந்தப் புன்னகையை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு எரிந்தது.

மணி அடித்தது. கங்காணிச் சீட்டு விழுந்த சிறுவர்கள் கத்தினார்கள், கூலிகள் ஓடினார்கள். நிருஷாவின் மூட்டை வழியில் சரிந்து விழ, அவளுடைய குழு பிந்தியது. மூச்சிரைக்க வந்து தாயின் முன்னால் சிறு பையை விரித்துப் பிடித்தாள்.

"அரை!" என்றார் தொப்பிக்காரர்.

சுலோஜனா கோப்பை நிறைய அள்ளி மகளின் பையில் கொட்டினார். அடுத்து நின்ற பிள்ளைக்கும் அப்படியே.

"இல்லை, இல்லை. நீங்கள் விளையாட்டைக் கெடுக்கிறீர்கள். அநீதி எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். அதுதானே பாடம்!"

வழிகாட்டியின் அந்தச் சொல் சுலோஜனாவை ஒரு கணம் நிறுத்தியது. மனிதர் கெட்டவரல்லர், சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில்தான் சுலோஜனா அவருடைய தொப்பியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், தம் கையிலிருந்த தகரக் கோப்பையைப் பார்த்தார்.

"பிள்ளைகள் சீட்டெடுத்தார்கள். நாம் மூவரும் எப்போது எடுத்தோம்?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"அம்மா, விடுங்கோ. எல்லாரும் பாக்கினம்," என்று நிருஷா சேலைத் தலைப்பை இழுத்தாள்.

"பாக்கட்டும். பாக்கத்தானே கூட்டிக்கொண்டு வந்தவை!" என்றவர் வழிகாட்டியிடம் திரும்பினார். "என் பிள்ளைக்கு என் கையாலேயே அரை வயிற்றுக்கு அளக்கச் சொல்கிறீர்கள். அளக்கிறேன். முதலில் நம் மூவரின் சீட்டையும் போட்டு அந்தச் சீட்டுப் பையை நீட்டுங்கள். எனக்குத் தொப்பி விழுந்தால் தொப்பி. உங்களுக்கு மூட்டை விழுந்தால் மூட்டை."

"பெரியவர்களின் பாத்திரங்கள் மாறுவதில்லை. உடைகளும் அதற்கேற்பத்தான்..."

"தொப்பிதானே? கழற்றலாம்."

லின்ட்னர் முகம் சிவந்து, மணியை மூட்டையின் மேல் வைத்தார். சீட்டெடுக்கப் பையை நோக்கிக் கையை நீட்டினார். வழிகாட்டி அதை அக்குளில் இடுக்கிக்கொண்டார். நிகழ்ச்சிக்குரிய நேரம் முடிந்துவிட்டதென்று அறிவித்து, தொப்பியுடனேயே வெளியே போனார். நேரம் முடியவில்லை, சுவர்க்கடிகாரத்தைப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நிருஷா தாயோடு இருக்கவில்லை. முன்வரிசையில் தோழியுடன் இருந்து யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுலோஜனாவுக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, மகளின் நாளைப் பாழாக்கிவிட்டேனோ என்ற கலக்கம் ஒருபுறம். அந்தக் கோப்பையைச் சிரித்துக்கொண்டு வாங்கினேனே என்ற ஆத்திரம் மறுபுறம். ஆத்திரமே பெரிதாக இருந்தது.

பாதி வழியில் நிருஷா எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள். முகத்தில் கோபம் ஆறவில்லை.

"அம்மா, உண்மையா உங்களுக்கு முதலாளிச் சீட்டு விழுந்திருந்தா என்ன நடந்திருக்கும்?"

"அதுக்குத்தானே அந்தாள் பயந்தவர்," என்றார் சுலோஜனா.