விளக்கம் கேட்ட பெட்டை

இங்கிலீஷ் இலக்கணத்தை விளங்கிப் படிக்கக்கூடாது எண்டு எனக்குச் சொல்லித் தந்தது கோப்பாயிலை ரியூட்டரி வைச்சுத் தனியார் வகுப்பு நடத்திற ஒரு மாஸ்ரர்தான். வெளிநாட்டுக் கல்லூரி ஒண்டிலை தாதியர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைச்சிருந்தது. ஆங்கிலத் தேர்ச்சிச் சோதினை மட்டும்தான் மிச்சம். ஒருக்கால் எழுதி, இலக்கணப் பகுதியிலை மண் கவ்வியாச்சு. அடுத்த முறையும் விட்டால் அந்த இடம் வேறை ஆருக்கோ போயிடும்.

மாஸ்ரரின்ரை வித்தை இதுதான்: வசனத்தை முழுக்க வாசிச்சு மினக்கெடக்கூடாது. 'யெஸ்ரடே' எண்ட சொல்லைக் கண்டால் இறந்தகால விடையைக் குத்தவேணும். ஒண்டும் பிடிபடாட்டி மூண்டாவது விடை. பழைய கேள்வித்தாள் முழுக்கப் பாடமாக்கவேணும். நாங்கள் தேவாரம் மாதிரி ஒரே குரலிலை ஒப்புவிப்பம். அவர் கண்ணை மூடித் தலையாட்டுவார்.

ஒருநாள் எழும்பி, "சேர், மற்ற விடையள் ஏன் பிழை?" எண்டு கேட்டன்.

"சரியான விடையைத் தந்திட்டன். பிழையை ஏன் கிண்டுறீர்? உமக்கென்ன விசரே?"

"அது தெரியாமல்தானே சேர் போனமுறை பெயில் விட்டனான்."

வகுப்பு கொல்லெண்டு சிரிச்சுது. மனுசனுக்கு முகம் கறுத்திட்டுது. "இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்" எண்டு வகுப்பாலை கலைச்சுப்போட்டார். சைக்கிளை எடுத்தன், வந்திட்டன். "ஐயோ, மாஸ்ரரோடை வாய்காட்டிப்போட்டு வந்து நிக்கிறாளே" எண்டு அம்மா தலையிலை கைவைச்சா. எனக்கும் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிசு.

பிறகு வீட்டிலையிருந்து என்ரைபாட்டிலை படிச்சன். முழு வசனத்தையும் வாசிச்சு, ஆர் செய்தது, எப்ப செய்தது எண்டு முதல்லை பிடிப்பன். விடையளைப் பாக்கமுந்தியே இடைவெளிக்கு என்ன வரும் எண்டு யோசிப்பன். வரவே ஏலாததுகளை வெட்டிப்போட்டு மிஞ்சினதோடை மல்லுக்கட்டுவன். ஒரு கேள்வி இழுத்தடிச்சால் குறியைப் போட்டிட்டு அடுத்ததுக்குப் போறது. விட்ட பிழை ஒவ்வொண்டும் ஏன் பிழை எண்டு வாய்விட்டுச் சொல்லுறது; சொல்லேலாட்டி எனக்கு இன்னும் விளங்கேல்லை. வாழைக்குத் தண்ணி கட்டேக்கையும் இதே புலம்பல். "இந்தமுறை வாழை இங்கிலீஷிலைதான் குலை தள்ளப்போகுது" எண்டு அப்பா பகிடி பண்ணினார்.

அடுத்த சோதினையிலை பாஸ்! அதுவும் இலக்கணத்திலைதான் கூடப் புள்ளி. சந்தோசத்திலை சத்தம்போட்டு அழுதன்.

அம்மா சும்மா இருந்தாவே? பிள்ளை பாஸ் பண்ணினால் மாஸ்ரரிட்டைப் பழத்தோடை போறது எங்கடை பக்கத்து வழமை. எனக்குச் சொல்லாமல் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தோடை போய், அவர் கேட்ட உடனை என்ரை படத்தையும் குடுத்திட்டு வந்திருக்கிறா. அடுத்த கிழமை ரியூட்டரி வாசலிலை பெரிய பனர். பாஸ் பண்ணின மற்றப் பிள்ளையளின்ரை படங்களுக்கு நடுவிலை என்ரை மூஞ்சை. கீழை 'எமது மாணவி' எண்டு கொட்டை எழுத்து.

எனக்கு உச்சி கொதிச்சுது. வீட்டிலை கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு போனன். மதிலிலை ஏறி என்ரை படத்தை மட்டும் வெட்டி எடுத்தன். மற்றப் பிள்ளையளின்ரை முகத்திலை ஒரு கீறலும் விழேல்லை. சனம் கூடிட்டுது. மாஸ்ரர் உள்ளுக்கிருந்து ஓடிவந்தார்.

"என்ன வேலை பிள்ளை இது? நான் படிப்பிச்ச பிள்ளையெல்லோ நீர்!"

வெட்டின படத்தை அவருக்கு நேரை தூக்கிப் பிடிச்சன்.

"நீங்கள் கலைச்ச பிள்ளை சேர் இது. படிப்பிச்சது நான்."