வெள்ளகோவிலோடு நின்ற பயணம்

என் அம்மா பயணம் போனதெல்லாம் பெரும்பாலும் புத்தகத்தில்தான். கருமத்தம்பட்டியில் எங்கள் தறிக்குடோனில் நூல் சுற்றும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். கண் ஒன்று நூலிலும் இன்னொன்று புத்தகத்திலுமாக அதில் உட்கார்ந்திருப்பாள். வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த சரித்திரத் தொடர்கதைகள் வீடு வீடாகச் சுற்றிவந்த காலம் அது. எந்த ராஜா எந்த ஆற்றைக் கடந்து எந்தக் கோட்டைக்குப் போனான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஈரோட்டைத் தாண்டி அவள் மட்டும் போனதில்லை.

அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை ஒரு தடவை பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் ஒரு பொங்கலுக்கு, தறிகள் ஓடாத நாட்களில், அப்பா துணி ஏற்றும் வேனைக் கழுவித் துடைத்து, "கெளம்பு, போயிட்டு வந்தரலாம்" என்றார். அம்மா விடிவதற்கு முன்பே புளிசாதம் கட்டிவிட்டாள். கல்யாணத்துக்கு மட்டும் உடுத்தும் அரக்குப் புடவையை உடுத்தியிருந்தாள். நான் பின்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளகோவிலில் அத்தை வீடு. அப்பாவின் அக்கா. ஊர் வழியாகப் போய்விட்டு எட்டிப் பார்க்காவிட்டால் அக்கா வருத்தப்படும் என்று அப்பா சொன்னார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பது ஏற்பாடு.

அத்தை வீட்டில் புதிதாகக் கலர் டிவி வாங்கிக் கேபிளும் இழுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பகலிரவு கிரிக்கெட் ஆட்டம்; நமக்குக் காலையிலேயே தொடங்கிவிடும். நாங்கள் உள்ளே நுழையும்போது அப்போதுதான் முதல் ஓவர். மாமா அப்பாவைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்ததும் எனக்கும் கால் நகரவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை.

காப்பி வந்தது. குடித்தாயிற்று. அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, நேரமாகுதுங்க."

"இந்த விக்கெட்டு போகட்டும்" என்றார் அப்பா.

மாமாதான் சிரித்தார். "ஏம்மா பறக்கறே? ஆயிரம் வருசமா நிக்கற கோயலு. இன்னிக்கு ஒரு நாள்ல எங்க ஓடிப்போகுது?"

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

விக்கெட் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. பின்கட்டிலிருந்து மசாலா வாசம் வந்தது. அத்தை ஈரக்கையோடு வந்து, "கோழி அடிச்சுப்போட்டேன். தம்பி வராதவன் வந்திருக்கறான், வெறும் வாயோட அனுப்புவனா? அம்மணி, நீ எந்திரிச்சு வா, உனக்குத்தான் ஈரல்" என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கறி தின்றுவிட்டுக் கோயிலுக்குள் போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அது அப்பாவுக்கும் தெரியும். டிவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். ஈரல் எனக்கு. அம்மா மட்டும், "வவுறு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று சொல்லித் தயிர்சோறு வாங்கிக்கொண்டாள். இவ்வளவு நல்ல குழம்பை விட்டுவிட்டாளே என்று அவளுக்காக நான் வருத்தப்பட்டேன்.

ஆட்டம் முடிந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தோற்றும் போய்விட்டோம். வேன் வீட்டை நோக்கிக் காங்கேயம் பக்கமாகத் திரும்பியது. "அடுத்த பொங்கலுக்குப் போயிரலாம்" என்றார் அப்பா. "அதுக்கென்னுங்க" என்றாள் அம்மா. பிரிக்காத புளிசாதத் தூக்கு அவள் மடியில் இருந்தது. அடுத்த பொங்கலுக்குள் நூல் விலை ஏறித் தறிகளில் பாதியை விற்றோம். அதற்குப் பிறகு அப்பாவும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. கடைசிவரை அவள் அந்தக் கோயிலைப் பார்க்கவில்லை.

வெள்ளகோவிலிலிருந்து திரும்பிய மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் வந்து நின்றாள். "போயிட்டு வந்தாச்சா? கோயலு எப்படியிருந்துச்சு?"

அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குதுங்க்கா. அந்த நந்திய ஒரே கல்லுல செஞ்சிருக்கறாங்க. உள்ள இருட்டுக்குள்ள சுவரு பூராப் படம், ஒவ்வொரு மூஞ்சியும் உசுரோட பாக்கற மாதிரி…"

எனக்கு வாய் பிளந்துவிட்டது. அம்மாவுக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து அப்பா பல் விளக்கிவிட்டு வெளியே வந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"எனக்கென்னங்க்கா தெரியும்? எல்லாம் அவிங்கதான் பக்கத்துலயே நின்னு, ஒவ்வொண்ணாக் காட்டிக் காட்டிச் சொன்னாங்க."

"கொடுத்து வெச்சவ நீ" என்றாள் அந்த அக்கா.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகத் தறிக்குடோனுக்குள் போனார். அன்றும் தறி ஓடாத நாள்தான். நான் பின்னாலேயே ஓடினேன். "அப்பா, அம்மா எப்படிப் புளுகறாங்க பாத்தீங்களா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஓடாத தறியின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார். "போ கண்ணு, போயி வெளையாடு" என்றார்.

அம்மா பொய் சொன்னதில் அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.